பூசணத்தைப் பயிரிட்டவர்கள்

நம் வீட்டுப் பெண்மணிகளிடமிருந்து பூசணத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட முடியாது. ஊறுகாய் ஜாடியின் வாயில் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தால் போதும். ஈரக் கரண்டியைப் போட்டது யார் என்று வீடு முழுவதும் விசாரணை நடக்கும். மழைக்காலத்தில் அப்பளக் கட்டில் பச்சை நிறத்தில் ஒரு பொட்டு விழுந்துவிட்டால், அதை வெயிலில் வைப்பதா குப்பையில் போடுவதா என்று மாமியாரும் மருமகளும் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். காளானை ஆசையோடு சமைத்துச் சாப்பிடுகிற வீடுகளில்கூடப் பூசணம் என்றால் முகச்சுளிப்புத்தான். இரண்டும் ஒரே குலம் என்று சொன்னால் நம்புகிறவர் குறைவு. குடை பிடித்து வெளியே வந்து முகம் காட்டுவது காளான்; குடை இல்லாமல் நூல் நூலாகப் படர்ந்தே காலத்தைக் கழித்துவிடுவது பூசணம். ரொட்டி செய்கிறவர்கள் மாவில் போடும் ஈஸ்டும் அந்தக் குலத்தில் ஒரு சின்னப் பிள்ளைதான்.

இப்படிப்பட்ட பூசணம் ஒன்றைத் தேடிப் பிடித்து, தொட்டியில் பயிரிட்டு, அறுவடை செய்து, இறைச்சி இருக்க வேண்டிய இடத்தில் தட்டில் வைத்தார்கள் இங்கிலாந்தில். அதற்குச் சாஸ்திரக்காரர்கள் இட்டிருக்கும் பெயர் ‘பியூசேரியம் வெனனாட்டும்’. பின்பாதிச் சொல் லத்தீன். ‘விஷமுள்ளது’ என்று அர்த்தம். கதாசிரியன் ஒருவன் தன் கதையில் வரும் சமையற்காரனுக்கு ‘விஷமுத்து’ என்று பெயர் வைத்தால், மிகையாக இருக்கிறது என்று பத்திரிகாசிரியர் கதையைத் திருப்பி அனுப்பிவிடுவார். வாழ்க்கைக்கு அந்த மாதிரிக் கூச்சமெல்லாம் கிடையாது.

பியூசேரியம் என்ற வம்சத்தின் பெயரை நம் குடியானவர்கள் அறியாமல் இருக்கலாம்; அதன் கைவரிசையை நன்றாக அறிவார்கள். ரஸ்தாளித் தோட்டத்தில் செழிப்பாக நின்ற வாழை திடீரென்று ஓரத்து இலையில் மஞ்சள் பூத்து, இலைகள் காம்போடு ஒடிந்து, பாவாடை கட்டினாற்போல் தண்டைச் சுற்றித் தொங்கிவிடும். வாடல் நோய் வந்துவிட்டது என்று கையைப் பிசைவார்கள். மண்ணுக்குள் வருஷக்கணக்காகக் காத்திருந்து வேரைப் பிடிக்கும் பியூசேரியம் ஒன்று செய்கிற வேலை அது. கோதுமைக் கதிரையும் சோளக் கதிரையும் பிடிக்கிற தாயாதிகள் வேறு இருக்கின்றன. அவற்றில் சில, தாங்கள் குடியிருந்த தானியத்தில் விஷத்தையும் வைத்துவிட்டுப் போகும். அந்த விஷம் மனிதனை என்ன செய்யும் என்பதற்கு ருஷ்யாவில் ஓரன்பர்க் பிரதேசம் கொடுத்த சாட்சியம் பயங்கரமானது.

யூரல் மலைகளின் தெற்கே உள்ள சமவெளி அது. இரண்டாவது உலக யுத்தத்தின்போதும் அது முடிந்த பிறகும், 1942 முதல் 1947 வரை அங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஆண்பிள்ளைகள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். அறுவடை செய்யக் கையில்லை. கோதுமையும் பனிவரகும் கதிரோடு நின்றுவிட்டன. அவற்றின்மேல் பனி பெய்து மூடிற்று. அந்தச் சிறுதானியத்துக்கு நாம் பனிவரகு என்று பெயர் வைத்திருப்பது வேறு காரணத்தால். ஆனால் அங்கே அது நிஜமாகவே மாதக்கணக்கில் பனிக்கடியில் கிடந்தது. வசந்தத்தில் பனி உருகிற்று. வீட்டில் மாவு இல்லை. கிழவிகளும் குழந்தைகளும் வயலில் இறங்கி, சேற்றில் சாய்ந்துகிடந்த கதிர்களைப் பொறுக்கி வந்து ரொட்டி சுட்டார்கள்.

சாப்பிட்ட சிறிது நேரத்தில் வாயும் தொண்டையும் எரிந்தன. வாந்தி, பேதி. சில நாளில் அதெல்லாம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் வாரக்கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆள் தேறிவிட்டான் என்று தோன்றும். வேலைக்குப் போவான், பேசுவான், அதே ரொட்டியைத் தொடர்ந்து தின்பான். உள்ளுக்குள்ளே ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒருநாள் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசியும். தொண்டை புண்ணாகி அழுகும். அந்தக் கட்டத்துக்கு வந்தவர்களில் மிகப் பலர் பிழைக்கவில்லை. 1944-ஆம் வருஷந்தான் மிகக் கொடியது. ஓரன்பர்க்கில் சில பகுதிகளில் பத்தில் ஒருவருக்கு மேல் நோய் கண்டது. குடும்பம் குடும்பமாக மாண்டார்கள்.

இந்த நோயில் என்னை நடுங்க வைப்பது ரத்தமும் புண்ணும் அல்ல. அந்த நடுவாந்தரமான காலம். ஒன்றுமில்லை என்று உடம்பு பொய் சொல்லுகிற காலம். விஷம் என்றால் வாயில் நுரை தள்ளி உடனே விழவேண்டும் என்று நாடகத்திலும் சினிமாவிலும் நாம் பழகிவிட்டோம். பூசணத்தின் விஷங்கள் பெரும்பாலும் அப்படி அவசரப்படுவதில்லை. வேகவைத்தாலும் சுட்டாலும் போகாதவை பல. நிறமும் ருசியும் சொல்லிக் கொடுக்காது. இன்றைக்குச் சாப்பிட்டதற்கும் அடுத்த மாதம் சாவதற்கும் நடுவே உள்ள நூலைக் கிராமத்து ஏழை எப்படிக் கண்டுபிடிப்பான்?

ருஷ்ய வைத்தியர்களும் ஆராய்ச்சியாளர்களும் அதைக் கண்டுபிடித்தார்கள். பனியில் கிடந்த தானியத்தில் பியூசேரியம் வம்சத்தைச் சேர்ந்த இரண்டு பூசணங்கள் குடியேறியிருந்தன. குளிர் அவற்றைக் கொல்லவில்லை. விஷத்தைச் சுரக்கத் தூண்டிவிட்டது. அந்த நாட்களில் ஓரன்பர்க்கிலேயே தங்கி ஆராய்ந்தவர் ஆபிரகாம் யோஃபே. பிற்காலத்தில் ஜெருசலேமுக்குப் போய் அங்கேயும் இதே வம்சத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். டி-2 என்று இப்போது பெயர் வழங்கும் அந்த விஷப்பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்து அடையாளம் சொன்னது 1968-இல், அமெரிக்காவில்.

விந்தை என்னவென்றால், அதே யுத்தத்தில், அதே தேசத்தில், இந்தக் குலத்தின் வேறொரு பிள்ளை உயிர் காத்துக்கொண்டிருந்தது. 1941 செப்டம்பரில் ஜெர்மானியர் லெனின்கிராட் நகரைச் சுற்றி வளைத்தார்கள். அந்த நவம்பரில் குழந்தைகளுக்கும் ஆபீஸ் சிப்பந்திகளுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி என்று பங்கீடு இறங்கிற்று. அந்த ரொட்டியிலும் முழுவதும் மாவு இல்லை; மரக்கூழையும் சேர்த்துப் பிசைந்திருந்தார்கள். அந்த ஊர்க் காட்டியல் கழகத்தின் விஞ்ஞானிகள் மரத்தூளை அமிலத்தில் கரைத்துச் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையில் ஈஸ்டை வளர்த்தார்கள். பொதுச் சாப்பாட்டுக் கூடங்களில் ஈஸ்ட் சூப் ஊற்றினார்கள். நாற்றம் அடிக்கும் பழுப்புத் தண்ணீர்தான். ஆனால் அதில் புரதம் இருந்தது. பல லட்சம் பேர் பட்டினியால் இறந்த நகரத்தில், அதைக் குடித்துப் பிழைத்தவர்கள் வாழ்நாள் முழுவதும் அதை மறக்கவில்லை.

ஈஸ்டைத் தின்னலாம் என்ற யோசனை ருஷ்யாவில் பிறந்ததல்ல. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் கப்பற்படை கடல்வழியை அடைத்துவிட்டபோது, பெர்லினில் மாக்ஸ் டெல்புரூக்கும் அவரைச் சேர்ந்தவர்களும் சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகில் ஈஸ்டை வளர்த்து மாட்டுக்கும் மனிதனுக்கும் கொடுக்க வழி செய்தார்கள். இரண்டாவது யுத்தத்தில் ஜெர்மானியர் காகித ஆலைக் கழிவுநீரில் வேறு ஜாதி ஈஸ்டை வளர்த்துச் சூப்பிலும் பன்றிக்கறியிலும் கலந்தார்கள். யுத்தம் முடிந்ததும் இதெல்லாம் மறந்துபோயிற்று. முட்டையும் பாலும் கிடைக்கும்போது ஈஸ்டைத் தின்ன யாருக்கு ஆசை?

ஆனால் வேறொரு பயம் வந்தது. 1950களிலும் 60களிலும் உலகத்தின் ஜனத்தொகையைக் கணக்கிட்டவர்கள் கலங்கிப்போனார்கள். ஆசியாவும் ஆப்பிரிக்காவும் புரதப் பஞ்சத்தால் அழியப்போகின்றன என்று ஆரூடம் சொன்னார்கள். 1966-67-இல் பீஹாரில் வறட்சி வந்தபோது, கப்பல் கப்பலாக அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கியதையும், அதை எதிர்பார்த்து நாம் காத்திருந்ததையும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் காலத்தில் ஐக்கிய நாடுகள் சபை புரதத்துக்கென்றே ஓர் ஆலோசனைக் குழு வைத்திருந்தது. மண்ணெண்ணெய் எடுக்கிற அதே பெட்ரோலியத்தில் ஈஸ்டை வளர்க்கலாம் என்று பிரான்ஸில் ஷாம்பான்யா என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி அதைப் பெரிய தொழிலாக்க முனைந்தது.

இந்தச் சூழ்நிலையில்தான் ஆர்தர் ராங்க் பிரபு அரங்கத்துக்கு வருகிறார். ‘அரங்கம்’ என்ற சொல்லைத் தெரிந்துதான் போட்டேன். பழைய இங்கிலீஷ் சினிமாக்கள் ஆரம்பிக்கும்போது, கட்டுமஸ்தான ஒருவன் பெரிய சேகண்டியை ஓங்கி அடிப்பான், பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அது ராங்கின் முத்திரை. ஒரு காலத்தில் 600-க்கு மேற்பட்ட சினிமாக் கொட்டகைகள் அவர் கையில் இருந்தன. ஆனால் அவர் பிறந்தது மாவு மில் குடும்பத்தில். தகப்பனார் ஜோசப் ராங்க் இங்கிலாந்திலேயே பெரிய மாவு வியாபாரி. மகன் பக்திமான், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பைபிள் சொல்லிக் கொடுத்தவர், மதப்பிரசாரப் படம் எடுக்கலாம் என்று சினிமாவில் கால் வைத்து, கடைசியில் சினிமா ராஜ்யத்துக்கே அதிபதியாகிவிட்டவர். 1952-இல் அண்ணன் இறந்ததும் மாவு மில்லும் அவர் தலையில் வந்து விழுந்தது. 1962-இல் வேறு கம்பெனிகளும் சேர்ந்து ‘ராங்க் ஹோவிஸ் மக்டூகல்’ என்ற பெரிய ஸ்தாபனம் ஆயிற்று.

மாவு வியாபாரியின் கண்ணுக்கு உலகப் பஞ்சமும் மாவாகத்தான் தெரியும். கோதுமையிலிருந்து கிடைக்கும் ஸ்டார்ச் ஐரோப்பாவில் வேண்டியமட்டும் இருக்கிறது, புரதந்தான் இல்லை. ஸ்டார்ச்சைத் தின்று புரதமாக மாற்றிக் கொடுக்கும் ஒரு ஜீவன் கிடைக்காதா? மாட்டைக் கட்டித் தீனி போட்டால் அது நிறையத் தின்று கொஞ்சமே திருப்பித் தரும். பூசணம் அப்படியல்ல, சில மணி நேரத்தில் தன்னை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். ஈஸ்டை விடப் பூசணத்துக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. ஈஸ்ட் பொடியாகத்தான் கிடைக்கும். பொடியை எவ்வளவு நாள் தின்பது? பூசணம் நூல் நூலாக வளர்வது. இறைச்சியும் நார் நாராகத்தான் இருக்கிறது. பல்லுக்குக் கடிக்க ஏதாவது வேண்டும் என்பதை அந்தக் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

உலகத்தின் பல பாகங்களிலிருந்து 3,000-க்கும் அதிகமான மண் மாதிரிகளை வரவழைத்துப் பரிசோதித்தார்கள். 1960களின் கடைசியில் அவர்களுக்கு வேண்டியது கிடைத்தது. எங்கே? ஆராய்ச்சிச்சாலையிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். தேம்ஸ் நதிக்கரையில் உள்ள மார்லோ என்ற ஊரின் மண்ணில்.

கிடைத்தது எந்த வம்சம் என்று பார்த்தபோதுதான் சங்கடம். பியூசேரியம்! அதிலும், கோதுமைக் கதிரைக் கெடுத்து அதில் விஷம் வைக்கும் ‘கிரமினேரம்’ என்ற ஜாதி என்றே முதலில் அடையாளம் சொன்னார்கள். (முப்பது வருஷம் கழித்து, 1998-இல்தான், பாரம்பரியக் கூறுகளை ஒப்பிட்டுப் பார்த்து, இது அந்த ஜாதி இல்லை, ‘வெனனாட்டும்’ என்று தீர்ப்புச் சொன்னார்கள். குற்றவாளி வேறொருவன் என்று தெரிந்தது. ஆனால் விடுதலையான ஆசாமியின் பெயரே ‘விஷமுள்ளவன்’ என்று இருந்தது.)

இங்கிலாந்து அப்போது பூசண விஷத்தில் சூடுபட்டிருந்த நேரம். 1960-இல் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. விசாரித்ததில், பிரேஸில் தேசத்திலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் குற்றம் இருந்தது. கடலையில் பிடித்த மஞ்சள் பூசணம் சுரந்த விஷத்துக்கு அஃப்ளாடாக்ஸின் என்று பெயர் வைத்தார்கள். ஈரலை அரிக்கும் விஷம் அது. ஆகவே பூசணத்தையே உணவாகக் கொண்டுவந்து நிறுத்தினால் அரசாங்க அதிகாரிகள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம்.

பரீட்சை ஆரம்பமாயிற்று. பத்து வருஷத்துக்கு மேல் நடந்த பரீட்சை. எலி, பன்றி முதலிய பல பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் குட்டிகளையும் பார்த்தார்கள். பிறகு தாங்களாக முன்வந்த மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். வளரும் தொட்டியின் சூடு, காற்று, தீனி எல்லாவற்றையும் கட்டுக்குள் வைத்தால் இந்தப் பூசணம் விஷம் சுரப்பதில்லை என்று கண்டார்கள். சுரக்கும் சக்தி அதனிடம் அடியோடு இல்லை என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. அதைச் சுரக்கத் தூண்டும் நிலைமை தொட்டிக்குள் வராமல் பார்த்துக்கொண்டார்கள். உற்பத்தியில் விஷம் இருக்கிறதா என்று இடைவிடாமல் சோதிப்பதையும் வழக்கமாக்கினார்கள். எனக்கு இந்த நேர்மை பிடித்திருக்கிறது. புலியைப் பசு என்று சொல்லாமல், கூண்டின் கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று தினம் பார்ப்பது போன்றது.

விஷம் மட்டுந்தானா சங்கடம்? அவசரமாக வளரும் எந்த ஜீவனின் உயிரணுவிலும் நியூக்ளிக் அமிலம் மிகுந்திருக்கும். அதைத் தின்றால் மனிதன் உடம்பில் அது யூரிக் அமிலமாக மாறும்; மிஞ்சினால் கீல்வாதமும் சிறுநீரகக் கல்லும் வரும். இதில் ஒரு வேடிக்கை. எலியிடம் யூரிக் அமிலத்தையும் சிதைத்துத் தள்ளும் ஒரு பொருள் இருக்கிறது. மனித உடம்பில் அது கிடையாது. எத்தனை ஆயிரம் எலிகளுக்குக் கொடுத்திருந்தாலும் எலி இந்த விஷயத்தில் நமக்குச் சாட்சி சொல்லாது! ஐக்கிய நாடுகளின் குழு, இந்த வகை உணவுகளிலிருந்து ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் நியூக்ளிக் அமிலம் சேரக் கூடாது என்று வரம்பு கட்டியது. பூசணத்தை அறுவடை செய்ததும் 64 டிகிரிக்கு மேல் சிறிது நேரம் சூடு காட்டினார்கள். அந்தச் சூட்டில் பூசணத்தின் சொந்தச் சரக்கே அந்த அமிலத்தை உடைத்து வெளியே தள்ளிவிடுகிறது. ஆனால் அதோடு கூட உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும் கரைந்து போய்விடும். எந்த வியாபாரியும் இதைக் கேட்டு அழுவான். அவர்கள் அழுதுகொண்டே செய்தார்கள்.

இங்கிலாந்தில் எலிகளுக்கும் மனிதர்களுக்கும் இப்படி அளந்து அளந்து பூசணத்தைக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த வருஷங்களிலேதான், 1974-இன் கடைசியில், நம் தேசத்தில் ஒன்று நடந்தது. ராஜஸ்தானத்தில் பான்ஸ்வாடா, குஜராத்தில் பஞ்சமஹால்; அடுத்தடுத்த இரண்டு ஜில்லாக்கள். ஆதிவாசிகளின் பூமி. அறுவடைச் சமயத்தில் அகாலத்தில் மழை பெய்து மக்காச்சோளம் நனைந்து போயிற்று. ஈரத்தோடு வீட்டில் சேமித்தார்கள், பூசணம் பிடித்தது. வேறு தானியம் வாங்கப் பணம் ஏது? அதையே அரைத்து ரொட்டி சுட்டார்கள். மஞ்சட்காமாலை கண்டு, வயிற்றில் நீர் கட்டி, 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வீடுகளின் மிச்சச் சோற்றைத் தின்ற நாய்களுக்கும் அதே காமாலை, அவையும் செத்தன. ஹைதராபாத்திலிருந்து தேசிய ஊட்டச்சத்து நிலையத்தார் போய் ஆராய்ந்து, வான்கோழிகளைக் கொன்ற அதே அஃப்ளாடாக்ஸின்தான் என்று கண்டார்கள்.

அந்த ஜனங்களுக்குப் பூசணம் தெரியாமல் இல்லை. கண்ணுக்குத் தெரிந்தது, கையில் ஒட்டியது. ஓரன்பர்க் கிழவிக்கும் அது கறுத்த தானியம் என்று தெரியாமலா இருந்திருக்கும்? பசித்தவனுக்குப் பரீட்சை செய்து பார்க்க அவகாசம் இல்லை. அவகாசம் இருந்தவனுக்கோ பசி இல்லை. ராங்க் கம்பெனியின் பூசணம் கதையில் என் மனத்தைக் குடைவது இந்த முரண்தான். உலகத்தின் ஏழைகளுக்குப் புரதம் என்ற பேச்சில் ஆரம்பித்த காரியம் அது. அதைப் பத்திரமான உணவாக்கப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. கொட்டிய பணத்துக்குக் கணக்கு வேறு. அத்தனை செலவைத் தாங்கிய பண்டத்தை, வாங்க வல்லவனுக்குத்தான் விற்க முடியும்.

அதற்குள் உலகத்தின் பேச்சும் மாறிவிட்டது. ஏழைக் குழந்தையின் குறை புரதக் குறைதானா என்ற கேள்வியை எழுப்பியவர்களில் முக்கியமானவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், ஹைதராபாத் நிலையத்தின் தலைவராக இருந்தவர். வழக்கமாகத் தின்கிற சோற்றையும் பருப்பையும் வயிறு நிறையத் தின்ன முடிந்தால், புரதமும் போதுமான அளவுக்குக் கூடவே வந்துவிடும். குழந்தைக்கு வயிறு நிறையவில்லை என்பதே விஷயம் என்று அவரும் அவருடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். 1974-இல் ‘லான்ஸெட்’ என்ற இங்கிலீஷ் வைத்தியப் பத்திரிகையிலேயே, புரதப் பஞ்சம் என்ற கூக்குரல் ஒரு பெரிய கோணல் என்று எழுதிவிட்டார்கள். சோற்றுக்கு வழியில்லாதவனுக்குப் பூசணத்திலிருந்து மாம்சம் செய்து கொடுக்கப் புறப்பட்டதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது; கொஞ்சம் சங்கடமும் வருகிறது.

பெட்ரோலிய ஈஸ்டின் கதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இத்தாலியில் ஸார்டினியாத் தீவில் வருஷத்துக்கு ஒரு லட்சம் டன் உற்பத்தி செய்யும் தொழிற்சாலையைக் கட்டியே விட்டார்கள். அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் அனுமதி தரவில்லை. ஜப்பானில் 1973-இல், எண்ணெயில் வளர்ந்ததைத் தின்ற கோழி எங்களுக்கு வேண்டாம் என்று வீட்டுப் பெண்கள் எதிர்த்ததில் கம்பெனிகள் பின்வாங்கின. ஷாம்பான்யாவுக்கு 1976-இல் யுனெஸ்கோ பரிசு கிடைத்தது. பரிசு வந்த சில வருஷத்துக்குள் மேற்கு ஐரோப்பாவில் தொழிலே படுத்துவிட்டது.

ராங்க் பிரபு 1972-இல் காலமானார். அவருடைய பூசணத்துக்கு 1980களில் அனுமதி கிடைத்தது. இம்பீரியல் கெமிக்கல் கம்பெனியாரிடம் மிகப் பெரிய வளர்ப்புத் தொட்டி நடத்தின அனுபவம் இருந்தது. கூட்டாகச் சேர்ந்து ‘மார்லோ புட்ஸ்’ என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். உயரமான கோபுரம் போன்ற தொட்டியில் சர்க்கரைத் தண்ணீர், அம்மோனியா, காற்று. அதில் பூசணம் இரவு பகலாக வளரும். ஏறக்குறைய ஆறு வாரம் ஓடியதும் நிறுத்தியாக வேண்டும். ஏனென்றால் அதற்குள் அதிகம் கிளைவிடும் மாறுபட்ட வாரிசுகள் தலையெடுத்து, நூல் குட்டையாகிவிடும். நூல் குட்டையானால் இறைச்சி போல் இராது. தொட்டியைக் காலி செய்து, கழுவி, கிருமி நீக்கி, மறுபடி முதலிலிருந்து. எடுத்த பண்டத்தை முட்டை வெண்கருவோடு பிசைந்து, வேகவைத்து, உறைய வைக்கிறார்கள். உறையும்போது உண்டாகும் பனிக்கட்டித் துகள்கள் நூல்களை நெருக்கித் தள்ளி நார் நாராகச் சேர்த்துவிடுகின்றன. ஓரன்பர்க்கில் எமனுக்கு உதவிய பனி இங்கே சமையற்காரனுக்கு உதவுகிறது.

1985-இல் முதல் பண்டம் கடைக்கு வந்தது. பெயர் ‘குவார்ன்’. லெஸ்டர்ஷயரில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர் அது. அந்தக் கிராமத்தின் பெயரால் வழங்கும் நரி வேட்டைக் கோஷ்டி ஒன்று இங்கிலாந்தில் வெகு பிரசித்தம். மாம்சம் உண்ணாதவர்களுக்கான பண்டத்துக்கு வேட்டைக்காரர்களின் ஊர்ப்பெயர்! இங்கிலீஷ்காரர்களின் நகைச்சுவையா, கவனக்குறைவா, தெரியவில்லை. எப்படியும் வியாபாரம் நன்றாக நடந்தது. 2015-இல் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கம்பெனி ஒன்று 55 கோடி பவுனுக்கு வாங்கிக்கொண்டது.

கம்பெனி ஆரம்பத்திலிருந்தே ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருந்தது. பெட்டியில் ‘மைக்கோபுரோட்டீன்’ என்று போட்டார்கள். பாதி கிரேக்கம்; பாதி விஞ்ஞானம்; கேட்டால் மரியாதையாக இருக்கும். 2002-இல் அமெரிக்காவுக்குப் போனபோது, காளானைச் சேர்ந்தது என்று பொருள்பட அச்சிட்டார்கள். அங்கே காளான் பயிரிடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? எங்கள் காளான் வேறு, இவர்கள் பூசணம் வேறு என்று சண்டைக்கு வந்தார்கள். சாப்பிட்ட சிலருக்கு வாந்தியும் வயிற்று வலியும் கண்டன; சிலருக்கு உடம்பு தடித்து மூச்சுத் திணறியது. பயனீட்டாளர் சங்கம் ஒன்று இந்தப் புகார்களைச் சேர்த்து அரசாங்கத்தின் முன் வைத்துக்கொண்டே இருந்தது. கடலையும் பாலும் இறாலும் ஒவ்வாதவர்கள் இல்லையா, அவர்களை விட இவர்கள் மிகக் குறைவு என்றது கம்பெனி. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கடலை ஒவ்வாதவனுக்குத் தான் தின்பது கடலை என்று தெரியும். ஈரச் சுவரின் பூசணக் காற்றுப் பட்டாலே இழுப்பு வருகிறவன், ‘மைக்கோபுரோட்டீன்’ என்று படித்தால் எதைக் கண்டு ஒதுங்குவான்? பத்து வருஷம் பரீட்சை செய்தவர்கள் இந்த ஒரு வார்த்தையில் கஞ்சத்தனம் செய்தது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வழக்கு நடந்தது. 2017-இல் சமரசமாகப் போயிற்று. மைக்கோபுரோட்டீன் என்பது இன்னது என்றும், அரிதாகச் சிலருக்கு ஒவ்வாமை கண்டதுண்டு என்றும் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் அச்சிடுவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. முப்பது வருஷத்துக்கு மேல் கிரேக்கப் போர்வைக்குள் இருந்த பண்டத்தின் சொந்தப் பெயர், அந்த அட்டையில் சாதாரண இங்கிலீஷில், எந்தப் பாட்டியும் படித்துத் தெரிந்துகொள்ளும்படி வந்து உட்கார்ந்தது: பூசணம்.